வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

தோழனே! வெண்ணந்தூரில் தறி ஓட்டுபவனாயினும், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுபவனாயினும் உன்னைக் கேட்கிறேன். தேர்தல் வந்தால் இரவெல்லாம் சுவரில் எழுதுபவன் நீ. வாக்குச்சாவடி வாயிலில் வெயிலில் வாடுபவன் நீ. உன் தொகுதிக்கு யார் வேட்பாளர் என்று என்றேனும் உன் வாக்கைக் கேட்டனரா?

விருப்ப மனு, கட்டணம், நேர்காணல், பிறகு மேலிருந்து இறங்கும் பட்டியல்! தமிழகக் கட்சிகளின் வழக்கம் இதுதான்.

ஆனால் நம் மண்ணின் மரபு இதுவன்று. 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது, இதே சேலத்தில், மாநாட்டுத் தீர்மானத்தால். 1956இல், தேர்தலில் ஈடுபடலாமா என்று திராவிட முன்னேற்றக் கழகம் திருச்சி மாநாட்டில் திரண்டோரிடமே வாக்கெடுத்தது. ஈடுபடலாம் என்றோர் 56,942. கூடாது என்றோர் 4,203. "போட்டியிடலாமா?" என்று கேட்கப்படத் தகுதி பெற்ற தொண்டன், "போட்டியிடுபவர் யார்?" என்று கேட்கப்படத் தகுதியற்றவனா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், கட்சி வேட்பாளரை வாக்காளரே தேர்ந்தெடுக்க 1903லேயே சட்டம் இயற்றிவிட்டது.

"பணம் விளையாடும், கோஷ்டி முளைக்கும்" என்பர். இன்று அவை இல்லையோ? ஆயிரவரை விலைபேசுவது எளிதா, அறைக்குள் அமர்ந்த நால்வரை விலைபேசுவது எளிதா?

ஒளிவற்ற உறுப்பினர் பட்டியல், மறைவான வாக்கு, அனைவரும் காண எண்ணிக்கை: இம்மூன்றையும் உன் ஒன்றியக் கூட்டத்தில் கேள். கொடி பிடிக்கும் கைக்கு வாக்குச்சீட்டும் உரியது, தோழனே!