பூக்கும் நேரமும் மருந்தடிக்கும் நேரமும்

பயிர்க்கடன் தவணை தவறிய உறுப்பினர்களைக் கண்டு காரணம் கேட்டறிவது நம் பணிகளுள் ஒன்று. மழையின்மை, விலை வீழ்ச்சி எனக் காரணங்கள் பல வரும். காய்கறி பயிரிடும் ஊர்களில் வேறொன்றும் நம் காதில் அடிக்கடி விழுகிறது: “கொடி நிறையப் பூத்தது, பிஞ்சு நிற்கவில்லை.” மருந்தடித்தது எப்போது என்று வினவினால், “வெயில் ஏறுமுன் காலையிலேயே அடித்து முடித்தோம்” என்று பெருமையுடன் விடை வருகிறது. குறை பெரும்பாலும் அந்த விடையிலேயே இருக்கிறது என்பது நம் கருத்து.

பூவின் நிறமும் மணமும் தேனும் மலரும் வேளையும், வேலையாளை வரவழைத்துக் கூலி கொடுத்து வேலை வாங்குவதற்கான ஏற்பாடுகளாகும். இதழ்களில் உள்ள கோடுகளும் புள்ளிகளும் தேன் இருக்குமிடத்தைப் பூச்சிக்குக் காட்டும் வழிகாட்டிகள் என்பதை ஜெர்மானியராகிய ஸ்பிரெங்கல் 1793-ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதி வெளியிட்டார்.

நம் தோட்டத்துப் பூசணியைப் பாருங்கள். ஒரே கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூசணியின் மகரந்தம் பருத்துப் பிசுபிசுப்பாக இருப்பதால் காற்றில் பறவாது. விடியலில் விரியும் பூ நண்பகலுக்குள் கூம்பிவிடும், மறுநாள் மலராது. அந்தச் சில மணி நேரத்திற்குள் தேனீ ஆண் பூவில் புகுந்து, பின் பெண் பூவிற்கு வந்தாக வேண்டும். வராவிடில் பூவின் அடியிலுள்ள பிஞ்சு மஞ்சளித்து உதிரும். அந்த வேளையில் நஞ்சைத் தெளிப்பவர், கூலியின்றி உழைக்க வந்த ஆளைத் தாமே கொல்கிறார்.

கத்தரியின் அமைப்போ வேறு. அதில் தேன் இல்லை. மகரந்தம் பையினுள் அடைபட்டிருக்கும். நுனியில் மட்டுமே சிறு துளை உண்டு. பட்டமரத்தைத் துளைத்து வாழும் கரிய பெருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர்த்து, உப்புக் குடுவையிலிருந்து உப்பை உதிர்ப்பதுபோல் அதை உதிர்க்கும். தேனீயால் இவ்வாறு செய்ய இயலாது. கத்தரி தன் மகரந்தத்தாலேயே ஓரளவு காய்க்கும் எனினும், வண்டின் அதிர்வு கிடைத்தால் காய்ப்பு மிகும். ஆகவே, வேலியோரத்துப் பட்டமரத்தை விறகாக்குமுன் சற்றுச் சிந்திப்பது நலம்.

அப்படியானால் எல்லாப் பயிருக்கும் மாலையில் மருந்தடிக்கலாமா? அதுவும் பொருந்தாது. புடலையும் சுரையும் மாலையில் வெண்ணிறமாக மலர்வன. இருளில் வரும் அந்துப்பூச்சிக்கு அவ்வெண்மையே அடையாளம். பூ கூம்பியிருக்கும் வேளையே மருந்துக்குரிய வேளை. அது பயிருக்குப் பயிர் மாறும். இரு வகைகளையும் அடுத்தடுத்துப் பயிரிட்டோர், பூக்கும் பருவத்தில் இயன்றவரை மருந்தைத் தவிர்ப்பதே நன்று.

இவ்வேலையாட்கள் இல்லாவிடில் என்ன ஆகும்? மெக்சிகோ நாட்டு வனிலாக் கொடியை வேற்று நாடுகளுக்குக் கொண்டு சென்றபோது கொடி தழைத்தது, பூத்தது. ஆனால் அதன் பூச்சி உடன் செல்லாமையால் காய்க்கவில்லை. 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், குச்சியாலும் விரலாலும் மகரந்தம் சேர்க்கும் எளிய முறையைக் கண்டான். இன்றும் வனிலாத் தோட்டங்களில் ஒவ்வொரு பூவையும் ஆட்களே தொட்டுச் சேர்க்கின்றனர். நெசவாள அன்பர்கள் அறிந்த பருத்தியிலும் இதற்குச் சான்று உண்டு. பருத்தி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. ஆயினும் 1970-இல் குஜராத்தில் வெளிவந்த முதல் கலப்பினப் பருத்திக்கு விதை எடுக்க, மாலையில் மகரந்தப் பைகளை விரலால் நீக்கி, மறுநாள் காலையில் வேற்று மகரந்தத்தைத் தடவ வேண்டியிருந்தது. பூச்சி செய்யும் வேலையை மனிதர் செய்தால் எத்துணைக் கூலியாகும் என்பதை உறுப்பினர்களே கணக்கிடலாம்.

“ஆள் காலையில்தான் கிடைக்கிறான்; தெளிப்பானும் அப்போதுதான் கைக்கு வருகிறது” என்பர் சிலர். உண்மையே. தனியொருவரால் இதைத் தீர்க்க இயலாது. மேலும், ஒருவர் மாலை வரை காத்திருந்தாலும் அடுத்த வயல்காரர் காலையில் அடித்தால் பயன் என்ன? வரப்பு நமக்குத்தான்; தேனீக்கு இல்லை. ஆகவேதான் இது சங்கத்தின் வேலை என்கிறோம். எந்தப் பயிருக்கு எந்த வேளை என்று பொதுப்பேரவையில் தீர்மானித்து, அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். சங்கத்திற்குச் சொந்தமான தெளிப்பான்களை அந்த வேளைக்கே முறை வைத்து வாடகைக்குத் தரலாம். ஆளையும் அம்முறைப்படியே பகிர்ந்துகொள்ளலாம்.

இதற்குப் புதுக் கடன் வேண்டா, மானியமும் வேண்டா. ஒற்றுமை ஒன்றே வேண்டும். அடுத்த பேரவையின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு உறுப்பினர்களை வேண்டுகிறோம்.