புற்றுநோயை வெட்ட காசு இருக்கு, வராம தடுக்க இல்லையா?

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

ஒரு அம்மா, ஏழு வயசுப் பையனை துப்பட்டாவால முகத்தை மூடி ஓபிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. துணியை விலக்கினா முகம் முழுக்க மிளகைத் தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள். கண்ணு சிவந்து தண்ணி வடியுது. மூக்கு நுனியில மாசக்கணக்கா ஆறாத ஒரு புண். பயாப்சியில ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது தோல் புற்றுநோய். திரும்பவும் சொல்றேன், ஏழு வயசு.

நோயோட பேரு சீரோடெர்மா பிக்மென்டோசம், சுருக்கமா எக்ஸ்பி. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் உங்க தோல், என் தோல் எல்லாத்துலயும் டிஎன்ஏவைக் கெடுக்குது. நம்ம செல்கள் கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்துட்டு சரிபண்ணிடும். (இந்த வேலை எப்படி நடக்குதுன்னு காட்டினதுக்குதான் அஸீஸ் சஞ்சாருக்கு 2015 வேதியியல் நோபலில் பங்கு கிடைச்சது.) எக்ஸ்பி குழந்தைக்கு அந்த ரிப்பேர் நடக்காது. சேதம் அப்படியே சேரும். அமெரிக்காவில் இவங்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஆய்வில், முதல் தோல் புற்றுநோய் வந்த சராசரி வயசு 9. மத்தவங்களுக்கு அது அறுபதைத் தாண்டித்தான் வருது.

"கறுப்புத் தோலுக்கு ஸ்கின் கேன்சர் வராது சார்"னு சொல்றவங்க இருக்காங்க. அதுல டாக்டர்களும் உண்டு. அந்தப் பையன் என்னை விடக் கறுப்பு.

இந்த நோயை குணப்படுத்த மருந்து கிடையாது. ஆனா வெயில் படாம பாத்துக்கிட்டா பெரும்பாலான கட்டிகளைத் தள்ளிப்போடலாம், தவிர்க்கவும் செய்யலாம். என் கோபம் இந்த இடத்துலதான்.

மூக்குல வந்த கட்டியை வெட்டி எடுக்க முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. நல்ல விஷயம். அடுத்த கட்டி வந்தாலும் வெட்டுவோம். ஆனா அது வராம இருக்கத் தேவையான சன்ஸ்கிரீன் எங்க பார்மசியில் கிடையாது. ஏன்னா சட்டத்தோட கண்ணுல அது மருந்தே இல்லை, லிப்ஸ்டிக் மாதிரி ஒரு அழகுசாதனப் பொருள்! 50 கிராம் ட்யூபை வெளியில காசு கொடுத்துதான் வாங்கணும். முகம், காது, கழுத்து, கைன்னு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை ஒழுங்கா பூசினா ஒரு வாரம் தாண்டாது. அந்த அம்மா கட்டட வேலைக்குப் போறவங்க. என் பேனாவுக்கு என்ன, சீட்டுல "சன்ஸ்கிரீன்"னு ஒரு வார்த்தை எழுதிடலாம். வாங்கப்போறது யாரு?

அடுத்து, ஊனச் சான்றிதழ். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை இருக்கு. எக்ஸ்பி அதுல இல்லை. இந்த நோய் கண்ணையும் தாக்கும். பார்வை போனா அந்தப் பையனுக்குச் சான்றிதழ் கிடைக்கும். அதுவரைக்கும், பகல்ல வெளியே வர முடியாத இந்தக் குழந்தை அரசாங்கத்தைப் பொறுத்தவரை முழு ஆரோக்கியம்.

ஸ்கூல்ல இது தொத்து நோயான்னு கேட்டிருக்காங்க. தொத்தாது. அவனுக்குத் தேவை ஜன்னல்ல இருந்து தள்ளி ஒரு இடம் (சாதாரண கண்ணாடி புற ஊதாக் கதிரை முழுசா தடுக்காது), முழுக்கைச் சட்டை, தொப்பி, கண்ணாடி, காலைல பிரேயருக்கு வெயில்ல நிக்க வேணாம்னு ஒரு அனுமதி. இதுல எதுக்கு நிதி ஒதுக்கீடு வேணும்?

சொந்தக்காரங்க வேற. நாகதோஷம், அம்மா செஞ்ச பாவம். ஒரு பாவமும் இல்லை. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பழுதான ஜீன் ஒளிஞ்சிருந்தா, ஒவ்வொரு கர்ப்பத்துலயும் நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்துல கட்டினா அப்படி அமையறது கூடும். இவங்களை அக்கா மகள்னு சொல்லி தாய்மாமனுக்குக் கட்டிவெச்சது அதே சொந்தக்காரங்கதான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 28 சதவீதம் பெண்கள் சொந்தத்துல கட்டிக்கிட்டவங்க. பழி மட்டும் அம்மாவுக்கு.

சன்ஸ்கிரீனை இந்தக் குழந்தைகளுக்கு மருந்துன்னு ஏத்துக்கிட்டு இலவசமா கொடுங்க. மொத்தமே ரொம்பக் கொஞ்சம் பேர். இதை எழுதும்போது கோபம் தெரிஞ்சா தெரியட்டும்.

கடைசியா உங்களுக்கு. ரெண்டு வயசுக்குள்ள முகத்துல கைல புள்ளி புள்ளியா வந்தாலோ, கொஞ்ச நேர வெயிலுக்கே தோல் வெந்து கொப்பளிச்சாலோ, வெளிச்சத்தைப் பாத்தாலே குழந்தை கண்ணை மூடிக்கிட்டாலோ, கடைல க்ரீம் வாங்கிப் போடாதீங்க. பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரியில் தோல் பிரிவு ஓபிக்குக் கூட்டிட்டுப் போங்க. போகும்போது முழுசா மூடிக் கூட்டிட்டுப் போங்க.