நிறத்தைத் திருத்தலாம், ஆளை மாற்றலாமா?

செல்போனில் எடுத்த படம் சில நேரம் மஞ்சளாக இருக்கிறது. சில நேரம் நீலம் பாய்ந்து தெரிகிறது. ஏன்?

வெளிச்சம்தான் காரணம். குண்டு பல்பின் ஒளியில் மஞ்சளும் சிவப்பும் அதிகம். வெயில் படாத நிழலில் நீலம் அதிகம். நம் கண் இதைச் சரிக்கட்டிக்கொள்ளும். கேமரா சில சமயம் ஏமாந்துவிடும்.

திருத்துவது எளிது. படத்தில் உள்ள வெள்ளை வேட்டியைப் பாருங்கள். அது மஞ்சளாகத் தெரிந்தால், நீலத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். வேட்டி வெள்ளையானதும் நிறுத்துங்கள். மற்ற நிறங்களும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆனால், பலர் அதோடு நிறுத்துவதில்லை. முகத்தையும் வெளுக்கிறார்கள்! கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணை அவளைப் பெற்றவளே தேட வேண்டியிருக்கிறது.

இது பழைய கோளாறு. அமெரிக்காவின் கோடக் நிறுவனம் 1950-களில் படம் அச்சிடும் கூடங்களுக்கு ஓர் அட்டை அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவருடைய நிறத்தை வைத்தே எல்லோருடைய படங்களையும் சரிபார்த்தார்கள். கறுத்த முகங்கள் துலங்கவில்லை. பின்னாளில் அட்டை மாறியது. 2022-ல் கூகுள் வெளியிட்ட தோல்நிற அளவில் 10 நிறங்கள் இருக்கின்றன.

உலகம் திருந்துகிறது. நாமும் திருந்த வேண்டாமா? படம் எடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "மாநிறம் மாநிறமாகவே இருக்கட்டும், கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும்."

நாளை பேரப்பிள்ளைகள் ஆல்பத்தைப் புரட்டுவார்கள். அவர்கள் தங்கள் பாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும்!