எல்லாமே ‘நைஸ்’ என்றால் எப்படி?



பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைக் கொப்பிகளைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். களுதாவளையிலும் காத்தான்குடியிலும் ஒரே கதைதான். ஊர் நைஸ், அம்மா நைஸ், கோயில் திருவிழா நைஸ், பெருநாள் வட்டிலப்பமும் நைஸ்!

இந்தப் பெயரடையின் கதை சுவையானது. இலத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். அறிதலைக் குறிக்கும் ‘ஸ்கீரே’யுடன், இல்லை என்று பொருள் தரும் ‘நெ’ சேர்ந்த சொல் அது. அதே ‘ஸ்கீரே’யில் இருந்துதான் சயன்ஸும் பிறந்தது. 1300ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘நைஸ்’ என்றால் முட்டாள்! பிறகு நுணுக்கம் பார்ப்பவர், நுண்மையானது என்றெல்லாம் மாறி, 18ஆம் நூற்றாண்டில்தான் இனியது என்ற பொருளுக்கு வந்தது.

மாவை ‘நைஸாக அரை’ என்கிறோமே, அது அந்த நுண்மைப் பொருளுக்குக் கிட்ட நிற்கிறது. ஆனால் ‘நைஸாக நழுவிவிட்டான்’ என்பது எங்கள் வழக்கு. அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் வெள்ளைக்காரனுக்கு விளங்காது.

சொற்கள் இப்படி மாறுவது தமிழிலும் உண்டு. திருக்குறளில் ‘கழகம்’ சூதாடும் இடம். இன்று பிள்ளை வந்தாறுமூலைப் பல்கலைக்கழகம் போனால் ஊருக்கே பெருமை.

எல்லாவற்றுக்கும் ‘நைஸ்’ போடும் பழக்கமும் புதிதல்ல. 1817 டிசம்பரில் வெளிவந்த ஜேன் ஒஸ்டினின் ‘நோர்தாங்கர் அபே’ நாவலிலேயே ஒரு பாத்திரம் இதைக் கேலி செய்கிறது.

ஆனால் எங்கள் பிள்ளைகளின் சிக்கல் வேறு. அது பயம். ‘நைஸ்’ என்று எழுதினால் பிழை வராது, சிவப்புப் பேனை படாது. களுதாவளைப் பிள்ளையிடம் வெற்றிலையைப் பற்றித் தமிழில் கேளுங்கள். கொழுந்து, முற்றல், காரம், வாடல் என்று அடுக்கும். பார்க்கக் கண் இருக்கிறது, சொல்ல வாய் இருக்கிறது. ஆங்கிலம் என்றதும் வாய் அடைத்துப் போகிறது.

ஆகவே ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து ஒன்று செய்வோம். ‘நைஸ்’ என்ற சொல்லைக் கண்டால் வெட்டாமல், “எப்படி நைஸ்? என்ன நிறம்? என்ன மணம்?” என்று கேட்போம். ‘கிறீன்’, ‘சொவ்ட்’, ‘பிரெஷ்’ என்று ஒன்று வந்தாலும் போதும். எழுத்துப்பிழையைப் பிறகு திருத்தலாம். உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பதை மட்டும் இன்றோடு நிறுத்துவோம்.

முட்டாள் என்ற சொல் இனியதாக மாற நானூறு வருடங்களுக்கு மேல் எடுத்தது. பிள்ளைக்கு ஒரு தவணையாவது பொறுமை கொடுக்கக் கூடாதா?