குறைந்த காவலர்கள், குறைந்த கொலைகள்: பால்டிமோரின் கணக்கு

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் உள்ள துறைமுக நகரம் பால்டிமோர். மக்கள்தொகை ஆறு லட்சத்துக்கும் குறைவு. 2015 முதல் 2022 வரை எட்டு ஆண்டுகள், ஒரு வருடம்கூட விடாமல், அங்கே 300 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். 2023-ல்தான் அந்த எண்ணிக்கை 300-க்குக் கீழே இறங்கியது. 2024-ல் 201, 2025-ல் 133. ஏறக்குறைய அரை நூற்றாண்டில் இவ்வளவு குறைந்ததில்லை. இத்தனைக்கும், ஒரு காலத்தில் 3,000 பேரை ஒட்டியிருந்த அந்நகரக் காவல் படை இப்போது ஏறத்தாழ 2,000 பேராகச் சுருங்கிவிட்டது. நூற்றுக்கணக்கான பணியிடங்கள் காலியாகவே கிடக்கின்றன.

கொலைகள் பெருகும்போதெல்லாம் ‘போலீஸைக் கூட்டுங்கள்’ என்ற குரல்தான் முதலில் எழும். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. காவலர்கள் கூடினால் கொலைகள் குறையும் என்பதைக் காட்டும் ஆய்வுகள் அமெரிக்காவிலேயே உண்டு. ஆனால், ஆள் பலம் இருந்த காலத்தில் பால்டிமோர் அதை எப்படிச் செலவழித்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

2005-ல் அந்நகரக் காவல் துறை ஒரு லட்சத்துக்கும் அதிகமான கைதுகளைச் செய்தது. அப்போது நகரத்தின் மக்கள்தொகை ஆறரை லட்சத்தைக்கூட எட்டவில்லை. வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தவர்கள், தெருமுனையில் கூடி நின்றவர்கள் என்று அள்ளிக்கொண்டு போனார்கள். பலர் மீது வழக்கே பதிவாகவில்லை. மறுநாள் வெளியே வந்தார்கள். கறுப்பின மக்கள் வாழும் மேற்கு பால்டிமோரில் ஒரு தலைமுறையே போலீஸைக் கண்டால் ஒதுங்கிப்போகப் பழகியது.

2015 ஏப்ரலில் ஃப்ரெடி கிரே என்ற 25 வயது இளைஞர் கைதானார். போலீஸ் வேனில் கொண்டுசெல்லப்பட்டபோது கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் ஏற்பட்ட காயத்தால் ஒரு வாரத்தில் இறந்தார். நகரம் கொதித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, துப்பாக்கிகளைக் கைப்பற்றுவதற்கென்றே அமைக்கப்பட்ட சிறப்புப் பிரிவின் காவலர்கள் கூட்டாகச் சிக்கினார்கள். பொதுமக்களின் பணத்தைக் கொள்ளையடித்ததும், பார்க்காத வேலைக்கு ஓவர்டைம் சம்பளம் வாங்கியதும் நீதிமன்றத்தில் நிரூபணமாயின. இப்படிப்பட்ட படையிடம் எந்தத் தாய் தன் மகனைச் சுட்டவனின் பெயரைச் சொல்வாள்? சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது. வழக்கு நிற்காத இடத்தில் பழிக்குப் பழிதான் தீர்ப்பு. ஒரு கொலை அடுத்த கொலைக்கு விதை போட்டதன் கணக்குதான் அந்த எட்டு ஆண்டுகள்.

2020 டிசம்பரில் பதவியேற்ற மேயர் பிராண்டன் ஸ்காட், நகரம் ஏற்கெனவே இருமுறை தொடங்கிப் பாதியில் கைவிட்ட ஒரு வழிமுறையைத் திரும்பக் கையில் எடுத்தார். 1990-களில் பாஸ்டன் நகரம் செய்துபார்த்த முறை அது. அதன் அடிப்படை இதுதான்: ஊரில் துப்பாக்கி எடுப்பவர்கள் மிகச் சிலர். அவர்களேதான் சுடப்படுகிறவர்களும். அவர்கள் யார் என்று போலீஸுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

2022 ஜனவரியில் மேற்கு வட்டாரத்தில் வேலை தொடங்கியது. அடுத்துச் சுடக்கூடியவர், அல்லது சுடப்படக்கூடியவர் என்று கருதப்படும் இளைஞரைத் தேடி ஆட்கள் போகிறார்கள். கையில் விலங்கு இல்லை; மேயரின் பெயரில் ஒரு கடிதம். நீ உயிரோடு இருக்க வேண்டும், வேலையோ படிப்போ இருப்பிடமோ எது வேண்டுமானாலும் உதவுகிறோம் என்கிறது அது. மீறிச் சுட்டால் சட்டம் விடாது என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. உதவியை ஏற்பவருக்கு ஒரு வழிகாட்டி கிடைக்கிறார். மறுத்துச் சுடுகிறவர் மீது அரசு வழக்கறிஞர் அலுவலகம் கெட்டியான வழக்கைத் தொடுக்கிறது. இந்த இரண்டு கைகளில் ஒன்று தளர்ந்தாலும் திட்டம் படுத்துவிடும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்கு வட்டாரத்தை ஆராய்ந்தார்கள். கொலைகளும் துப்பாக்கிச் சூடுகளும் ஏறக்குறைய கால் பங்கு குறைந்ததற்கு இத்திட்டமே காரணம் என்று கண்டார்கள். முழுப் பெருமையையும் இதற்கே கொடுத்துவிட முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் உச்சிக்குப் போன கொலைகள் 2023-லிருந்து அமெரிக்கா முழுவதும் குறைந்துவருகின்றன. தெருச் சண்டைகளில் குறுக்கே நின்று சமாதானம் பேசும் ‘சேஃப் ஸ்ட்ரீட்ஸ்’ ஊழியர்களின் பங்கும் இருக்கிறது. 2021, 2022 ஆண்டுகளில் அவர்களில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த வேலைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்பதற்காகவே அந்நகரத்தை வணங்கலாம்.

கொலைகள் குறைந்துவிட்டன என்பதற்காகக் காவல் துறையின் காலியிடங்களை அப்படியே விட்டுவிடலாம் என்று யாரும் முடிவுக்கு வரக்கூடாது. ஷிப்டுக்கு மேல் ஷிப்டாக வேலை பார்க்கும் காவலருக்குப் பொறுமை இருக்காது. அவசர அழைப்புக்குத் தாமதமாகப் போகும் படையை மக்கள் நம்பவும் மாட்டார்கள். ஆனால், கிடைக்கும் ஆட்களை முதலில் புலனாய்வில் போட வேண்டும். தெருமுனையில் நிற்பவர்களை அள்ளிவரும் ரோந்துக்கு அவர்களை அனுப்பினால் நகரம் திரும்பவும் 2005-க்கே போகும்.

2025 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப் பால்டிமோருக்குத் தேசியக் காவல் படையை அனுப்பப்போவதாகப் பேசினார். அதே ஆண்டு ஏப்ரலில் அவருடைய நீதித் துறைதான், வன்முறைத் தடுப்புப் பணிகளுக்கான மானியங்களை நாடு முழுவதும் வெட்டியது. பெருந்தொற்று நிவாரண நிதியிலிருந்து இத்தகைய பணிகளுக்கு பால்டிமோர் ஒதுக்கியது 5 கோடி டாலர். மத்திய அரசின் விதிப்படி அந்த நிதியை 2026 முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும். வழிகாட்டிகளின் சம்பளத்தை நகரம் இப்போதே தன் நிரந்தர பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும். மானியம் வந்தால் பார்க்கலாம் என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது.