பலகை வளைஞ்சா பழி உடம்புக்கா?

எங்க தோட்டத்துத் தராசுக்கு ஒரு குணம் உண்டு. மலையில பறிச்ச கொழுந்த நிறுக்கும்போது ஈரத்துக்குன்னு கொஞ்சம், சாக்குக்குன்னு கொஞ்சம் கழிச்சிட்டுத்தான் கணக்குல எழுதுவாங்க. அம்மாமார் அதைப் பார்த்து முணுமுணுக்கிறதைக் கேட்டு வளர்ந்தவங்க நாங்க. அக்கரப்பத்தனையில இருந்து கெம்பஸ் போன பிறகும் தராசு மேல இருக்கிற சந்தேகம் போகல. அப்படியிருந்தும் ஒரு காத்தடிக்கிற பலகையில 'அதிகபட்ச எடை 150 கிலோ' என்று அச்சடிச்சிருந்ததை அப்படியே நம்பினோம். அந்தக் கோபத்துலதான் இதை எழுதுறோம்.

நடந்தது இதுதான். லீவுல நாங்க ஏழு பேர் நீர்த்தேக்கம் ஒன்றுக்குப் போயிருந்தோம். நின்னுகிட்டே துடுப்புப் போடுற பலகை, பேடில் போர்ட், அங்க வாடகைக்குக் கிடைக்கும். எங்களோட வந்த அக்காவுக்கு 104 கிலோ. முதல் இடத்துல இருந்த ஆள் அவவை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "ஒங்களுக்குச் சரிவராது மிஸ், வேணும்னா போட்டோ எடுங்க" என்றார். எடை எவ்வளவுன்னு அவர் கேட்கவே இல்ல. ரெண்டாவது இடத்துல அதுக்கு நேர்மாறு: "எல்லாருக்கும் ஒரே போர்ட்தான், 150 வரைக்கும் தாங்கும்." அக்கா ஏறி நின்னதும் பலகை நடுவுல வாழப்பழம் மாதிரி வளைஞ்சது. முன்னும் பின்னும் தூக்கிக்கிட்டு நிக்க, நடுவுல தண்ணி ஏறி, அவ விழுந்தா. கரையில இருந்தவங்க சிரிச்சாங்க. மனசுல பட்டதைச் சொல்றோம்: எங்கள்ல ரெண்டு பேரும் சிரிச்சோம்.

ஒருத்தர் ஏத்தவே மாட்டேன்னார், இன்னொருத்தர் எதுலயும் ஏத்தினார். ரெண்டு பேரும் பலகையப் பத்தி யோசிக்கல. பழி மட்டும் உடம்புக்கு.

கணக்கப் போட்டுப் பார்ப்போம். ஆளு 104, உடுப்பு, ஜாக்கெட், தண்ணிப் போத்தல் எல்லாம் 5, பலகை 11. மொத்தம் 120 கிலோ. மிதக்கணும்னா 120 லீட்டர் தண்ணிய ஒதுக்கணும், அவ்வளவுதான். பத்தரை அடி நீளமும் 6 அங்குலத் தடிமனும் உள்ள சாதாரணப் பலகையோட கொள்ளளவே 300 லீட்டர் வரும். கடல்ல உப்பு இருக்கிறதால அங்க இன்னும் கொஞ்சம் லேசா மிதக்கலாம், ஆனா இந்த எடைக்கு அந்த வித்தியாசம் 3 லீட்டர்தான். ஆக, 'மூழ்கிப் போயிடும்' என்கிறது வெறும் பேச்சு. பிரச்சினை வளையுறதுலயும் ஆடுறதுலயும்தான் இருக்கு. பெட்டியில போடுற 'அதிகபட்ச எடை' பெரும்பாலும் அவ்வளவு பாரத்தோட பலகை மிதக்கும் என்கிறதைத்தான் சொல்லுது. நேரா நின்னு, நேரா ஓட்டலாம்னு அது சொல்லல. கொழுந்துத் தராசு குறைச்சு எழுதுது, இந்த அட்டை கூட்டி எழுதுது. ரெண்டு பொய்யும் போய் விழுறது ஒரே பக்கம்.

அப்ப என்னத்தப் பார்த்து எடுக்கிறது? முதல்ல தடிமன். அக்கா ஏறினது 5 அங்குலம்கூட இல்லாத பலகை. தடிமன் ஒரு அங்குலம் கூடினாலே விறைப்பு நல்லாக் கூடும், அதனால பாரமானவங்க 6 அங்குலத்துக்குக் கீழ போகவே கூடாது. அகலம் 33, 34 அங்குலம். 36 வேணாமான்னு கேட்பீங்க. நிக்க லேசுதான், ஆனா கை குட்டையானவங்களுக்குத் துடுப்பு பக்கத்துத் தண்ணிய எட்டுறதே பாடாயிடும், பலகையும் மெதுவாத்தான் போகும். நீளம் பத்தரையில இருந்து பதினொன்றரை அடி. அட்டையில இருக்கிற எடை எல்லை நம்ம மொத்தப் பாரத்தவிட 30 கிலோவாவது கூட இருக்கணும். அதோட தோல்: ஒற்றைப் படலப் பலகை மலிவு, வளையுறதும் அதுதான். ரெட்டைப் படலம் ஒட்டினதைக் கேளுங்க.

இதெல்லாம் சரியா இருந்தாலும் காத்து குறைஞ்சா அம்போதான். 15 பி.எஸ்.ஐ. வரைக்கும் அடிக்கணும்னு எழுதியிருந்தா 15 அடிக்கணும். கைப்பம்புல முதல் பாதி முழுக்க முள் அசையவே அசையாது, கை நோக ஆரம்பிக்கும்போதுதான் ஏறும். வாடகைக் கடைப் பையன் 10லயே விட்டுடுவான், அவனுக்கு நாளைக்கு இருபது பலகை. நம்ம மலையில காத்தே ஐதா இருக்கிறதால அடி இன்னும் கூடத் தேவை. வெயில்ல ஊதின பலகைய குளிர்ந்த தண்ணியில போட்டாலும் அழுத்தம் இறங்கும். மெல்லிய ஆள் 10லயும் சமாளிப்பார். 104 கிலோவுக்கு அந்த 5தான் நிக்கிறதுக்கும் விழுறதுக்கும் இடையில உள்ள தூரம்.

ஜாக்கெட் கதை இன்னும் கேவலம். அக்காவுக்குக் குடுத்ததுல பட்டி எட்டல, "பரவால்ல, சும்மா போடுங்க" என்றாங்க. பாரமானவங்களுக்கு மிதப்பு அதிகம் வேணும்னு இல்ல, கொழுப்பு தன்னாலேயே மிதக்கும். வேணும்னது அளவு. பூட்டாத ஜாக்கெட், விழுந்ததும் தலைக்கு மேல கழண்டு போயிடும். பெரிய அளவு ஒன்னு வாங்கி வைக்கிறதுக்கு என்ன செலவு?

இப்ப எங்க தோழர்களே கேட்கிற கேள்விக்கு வருவோம். "லயத்துல கூரை ஒழுகுது, ஒங்களுக்குப் பலகையா?" நியாயமான கேள்விதான். 2024ல வர்த்தமானியில வந்த நாட்சம்பளம் 1350 ரூபா. நல்ல பலகை ஒரு லட்சத்தத் தாண்டும். லட்சம்னே வச்சாலும் 74 நாள் பேர். தனி ஆளா யாரும் வாங்கச் சொல்லல. ஆனா கூரைக்குப் போராடுறவங்க தண்ணிப் பக்கம் திரும்பக் கூடாதுன்னு யார் சொன்னது? அந்தத் தண்ணி யாரோட பள்ளத்தாக்குல நிக்குது? மவுசாகலையில தண்ணி வத்தினா பழைய மஸ்கெலியா டவுனோட கோயில் வெளிய தெரியும், பார்க்கக் கூட்டம் போகும். எங்க ஆக்ரா ஓயாத் தண்ணி இறங்கிப் போய்த்தான் 2012ல திறந்த மேல் கொத்மலையில 150 மெகாவாட் ஆகுது. காசல்ரீயில சீ-பிளேன் இறங்குது, கரையில பழைய தொரை பங்களாக்கள் ஹோட்டலாகி நிக்குது. அங்க மெத்தை விரிக்கிறது நம்ம அண்ணன் தம்பிங்க. நாங்க படிச்ச பள்ளிக்கூடத்துல நீச்சல் சொல்லித் தரவே இல்ல. தண்ணி நமக்கு மேல இருந்து பார்க்கிற ஒரு காட்சி, இல்லாட்டி பிள்ளை குளிக்கப் போய்த் திரும்பாத இடம்.

இதை வெள்ளக்காரன் விளையாட்டுன்னு சொல்றவங்களுக்கும் ஒன்னு. மரத்தைக் கட்டி, அதுமேல நின்னும் முட்டி போட்டும் துடுப்புப் போட்டவங்க நம்ம கரையோர ஆளுங்க. இங்கிலீஷ்ல இருக்கிற 'கட்டமரான்' நம்ம கட்டுமரத்துல இருந்து போனதுதான். பாரத்துக்கும் ஆளுக்கும் ஏத்தபடி மரத்தக் கூட்டிக் குறைச்சுக் கட்டினாங்க. மரத்துக்கு ஏத்தபடி மெலிஞ்சுட்டு வான்னு யாரையும் கரையில நிறுத்தல.

அக்கா மறுபடி வரமாட்டேன்னுதான் சொன்னா. சிரிச்ச ரெண்டு பேரும் போய் மன்னிப்புக் கேட்டோம். "மன்னிப்ப வச்சு நான் என்னத்த செய்ய, பலகையக் கொண்டாங்க" என்றா. பன்னிரண்டு பேர் சேர்ந்து சீட்டு ஒன்னு ஆரம்பிச்சிருக்கோம். முதல்ல வாங்கப்போறது பெரிய அளவு ஜாக்கெட் ரெண்டு. பலகை பழசா கிடைச்சாலும் பரவால்ல: 11 அடி, 34 அங்குலம், 6 அங்குலத் தடிமன், ரெட்டைப் படலம். அணைக்கட்டுப் பக்கமும் கதவு திறக்கிற பக்கமும் போறதில்ல, அனுமதி கேட்டுத்தான் இறங்குறது, நீச்சல் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் கரையில. யார்கிட்டயாவது இப்படி ஒரு பலகை சும்மா கிடந்தா சொல்லுங்க. பம்பும் சேர்த்துத் தந்தா ரொம்ப நல்லது, முள் வேலை செய்யுதான்னு மட்டும் பார்த்துத் தாங்க.