பெயரில்லாத இரண்டு குரல்கள்

ஹோல்கர் சுகாய் 2017 செப்டம்பரில் மறைந்தபின் அவரைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. 'கான்' என்னும் ஜெர்மானிய ராக் குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர். கணினி வருமுன்பே ஒலிநாடாவை வெட்டி ஒட்டி உலக இசையைக் கண்டடைந்த தீர்க்கதரிசி. முதலாவது உண்மை. இரண்டாவதை என்னால் ஏற்க இயலவில்லை. ('உலக இசை' என்னும் பெயரே 1987-ல் லண்டன் மதுக்கடை ஒன்றில் கூடிய சிறு இசைத்தட்டு நிறுவனத்தார், கடை அலமாரியில் ஒட்டுவதற்காகத் தேர்ந்தெடுத்தது என்பதை நம் ரசிகர்கள் அவ்வப்போது நினைவுகூர்வது நல்லது.)

தீர்க்கதரிசனத்துக்குச் சான்றாக எப்போதும் காட்டப்படுவது 1969-ல் வெளிவந்த 'கனாக்ஸிஸ் 5'. ஸ்டாக்ஹவுஸனிடம் பயின்ற சுகாய், கொலோன் வானொலி நிலையத்தின் மின்னிசைக் கூடத்தில், இரவு வேளையில், ஆசிரியர் அறியாமல், ரோல்ஃப் டாமர்ஸுடன் சேர்ந்து அதை உருவாக்கினார். இசைத்தட்டின் ஒரு பக்கத்தை முழுதும் நிறைக்கும் 'போட் வுமன் சாங்'கில், ஐரோப்பிய இடைக்காலச் சேர்ந்திசைத் துணுக்கொன்று மீண்டும் மீண்டும் சுழல, அதன்மேல் இரு வியட்நாமியப் பெண்களின் குரல்கள் மிதந்து வருகின்றன. அழகான ஆக்கம், அதில் ஐயமில்லை.

அப்பெண்கள் யார்? பதிலில்லை. பிற்கால மறுபதிப்புகளிலும் ஆக்கியோராக நிற்பவை சுகாய், டாமர்ஸ் என்னும் பெயர்களே. அப்பெண்களின் நாட்டின்மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஆண்டு அது. அக்குரல்களின் சோகத்தைச் சிலாகித்து எழுதுவோர் இதை ஒரு வரியிலேனும் குறிப்பிடுவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

அக்காலத்து வழக்கம் அப்படி என்பார்கள். வழக்கம்தான். ஸ்டாக்ஹவுஸனே 1966-ல் 'டெலிமியூசிக்'கில் பல நாட்டு இசைப்பதிவுகளைக் கலந்தார். ஆனால் இதே சுகாய் அங்கம் வகித்த கான் குழு, பாடல்களைத் தனியொருவர் பெயரில் அல்லாமல் குழுவினர் அனைவரின் பெயரிலும் பொதுவாக வெளியிட்டது. 1970-ல் ம்யூனிக் தெருவில் பாடிக்கொண்டிருந்த டாமோ சுஸுகி அன்றிரவே அவர்களுடன் மேடையேறினார். பின்னர் அந்தப் பொதுவுரிமையில் அவரும் சேர்ந்தார். பகிர்ந்துகொள்ளத் தெரிந்தவர்கள்தாம். கண்ணெதிரே நிற்பவரோடு மட்டும்.

பெயர் தெரியாத பழம்பதிவுக்கு என்ன செய்வது என்ற கேள்வியும் எழும். தேடலாம். 1990-களில் எனிக்மாவின் 'ரிட்டர்ன் டு இன்னொசென்ஸ்' உலகெங்கும் ஒலித்தபோது அதிலிருந்த முதிய குரலும் பெயரற்றதாகவே இருந்தது. குரலுக்குரியவர் திஃபாங், தைவானின் ஆமிஸ் பழங்குடியைச் சேர்ந்த விவசாயி. அவரும் அவர் மனைவியும் வழக்குத் தொடுத்தபின், 1999-ல் சமரசம் ஏற்பட்டு, அவர்கள் பங்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. பெயர் எப்போதும் இருந்தது. எவரும் கேட்கவில்லை, அவ்வளவே. சுகாயோ 1979-ல் 'மூவீஸ்' தொகுப்பின் 'பெர்ஷியன் லவ்'வில் சிற்றலை வானொலியிலிருந்து பிடித்த ஈரானியக் குரல்களைக் கொண்டு பத்தாண்டுக்கு முந்தைய பழக்கத்தையே தொடர்ந்தார்.

என் பார்வையில் அவருடைய பெருமை வேறிடத்தில் இருக்கிறது. 1971-ன் 'டாகோ மாகோ'வில் 'ஹாலெலுவா'வைக் கேளுங்கள். 18 நிமிடங்களுக்கு மேல் நீளும் அதில், யாக்கி லீபெட்ஸைட்டின் தாளச்சுழற்சிக்குள் ஒரு சில சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு சுகாய் அமர்ந்திருக்கிறார். ப்ராக்ரெஸிவ் ராக்கின் பாஸ் கலைஞர்கள் பலர் விரல்வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. இவரோ திரும்பத் திரும்ப வாசித்தார், இடைவெளி விட்டார், முரசுக்கு வழிவிட்டார். ஐரோப்பாவுக்கு வெளியே எத்தனையோ இசைமரபுகள் காத்துவரும் அடக்கம் இது. இதைக் கற்பதற்கு எவருடைய குரலையும் அவர் எடுத்துக்கொள்ள நேரவில்லை. 'இனவியல் போலிகள்' என்று கான் குழு தன் ஆக்கங்கள் சிலவற்றுக்குப் பெயரிட்டதில்கூட ஒரு நேர்மை உண்டு: போலியைப் போலி என்றே சொன்னார்கள்.

ஆனால் அவரைப் போற்றுவோர் பாஸ் கிட்டாரைக் கடந்துசென்று வானொலியைத் தொழுகிறார்கள். அவரே அப்படித்தான் சென்றார். 1977-ல் 'ஸா டிலைட்' பதிவானபோது ஜமைக்காவின் ராஸ்கோ ஜீயும் கானாவின் ரீபாப் குவாகு பாவும் குழுவில் சேர்ந்தனர். பாஸ் கிட்டாரை ராஸ்கோ ஜீயிடம் ஒப்படைத்த சுகாய், அவர்கள் இருவரும் அதே அறையில் வாசித்துக்கொண்டிருக்க, சிற்றலை வானொலியின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.